அரை மில்லிமீட்டர் ஓட்டை

1

எங்கள் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்த அன்று நான் அமெரிக்கா வந்து பதினோரு வருஷம் முடிந்திருந்தது. காலையில் என் கணவர் அருள்தான் நினைவுபடுத்தினார். சாயங்காலம் பிரியாணி செய்யலாம் என்று முடிவாகி, கோழி வாங்க நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில், ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், எஞ்சின் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கு எரிந்தது. வண்டியில் வித்தியாசமான சத்தம் இல்லை, உதறல் இல்லை. எப்போதும்போல ஓடியது. கோழி வாங்கி வந்து பிரியாணி செய்து சாப்பிட்டோம். விளக்கு மட்டும் அணையவில்லை.

நியூயார்க் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் வானத்தைத் தொடும் கட்டடங்களை நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் இருப்பது அந்த மாநிலத்தின் வடமேற்கு மூலையில். நீங்கள் நினைக்கிற நகரத்துக்கு இங்கிருந்து காரில் ஆறு மணி நேரம் ஆகும். இங்கே ஒரு பெரிய ஏரி, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு உயர்நிலைப் பள்ளி, வருஷத்தில் ஐந்து மாதம் பனி. ஆஸ்பத்திரியில் அருள் நர்ஸ். பள்ளிக்கூடக் கேன்டீனில் மதியச் சாப்பாடு பரிமாறுவது என் வேலை. அதே பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் மகள் ரூத் படிக்கிறாள். அவளுக்குப் பதினாறு வயது.

சென்னைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான படப்பையில் ஒரு ஷேர் ஆட்டோவைத் தவறவிட்டால் பின்னாலேயே இன்னொன்று ஆள் பிடித்துக்கொண்டு வரும். இங்கே கார் இல்லாதவன் கால் இல்லாதவன். எங்களிடம் இருப்பது பழைய கார் ஒன்றுதான். அதில்தான் அருள் வேலைக்குப் போகிறார், நான் போகிறேன், ரூத் ஓட்டப் பழகுகிறாள்.

அந்த மாதம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து விழுந்தன. காரின் வருடாந்தரச் சோதனை முடிந்து கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய மாதம் அது. அதே மாதக் கடைசியில் ரூத்துக்கு டிரைவிங் டெஸ்ட். அந்தத் தேதி கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தோம். டெஸ்டுக்கு நம் காரையேதான் கொண்டுபோக வேண்டும். அதிகாரி வந்ததும் முதலில் பார்ப்பது கண்ணாடியில் ஸ்டிக்கர் செல்லுபடியாகிறதா என்று. இல்லாவிட்டால் அப்படியே திரும்பிப் போ என்பார். அடுத்த தேதி கோடை முடிந்த பிறகுதான். ரூத்துக்கு அந்தக் கோடையில் ஏரிக்கரை முகாம் ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் அங்கே போய்வர முடியும்.

எங்கள் கையில் மூன்று வாரம் இருந்தது.

2

சோதனை நிலையத்தில் ஒரு ஒயரை எடுத்து காரின் கணினியில் சொருகினார்கள். இரண்டு நிமிஷத்தில் ஒரு தாள் வந்தது. தோல்வி. காரணம், மஞ்சள் விளக்கு. விளக்குக்குக் காரணம், பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது, சின்னக் கசிவு.

ஊரில் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இது புதிதாக இருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். டாங்கில் இருக்கும் பெட்ரோல் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போகாமல், கரித்துகள் நிரப்பிய ஒரு டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். டாங்க், குழாய்கள், டப்பா, மூடி எல்லாம் சேர்ந்து காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று காரே அவ்வப்போது தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து விளக்கைப் போட்டுவிடும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லாது.

முதலில் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். புது மூடி வாங்கிப் போட்டோம். உதிரிபாகக் கடைக்காரர் இரக்கப்பட்டு, ஒரு கருவியை வைத்து விளக்கை அணைத்துக் கொடுத்தார். சந்தோஷமாகச் சோதனை நிலையத்துக்கு ஓடினேன். மறுபடியும் தாள் வந்தது. இந்த முறை, தயாராக இல்லை. விளக்கை அணைத்தால் கார் தன் சோதனைகளையெல்லாம் மறந்துவிடுமாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து முடித்த பிறகுதான் ஸ்டிக்கர். சரி என்று ஒரு வாரம் ஓட்டினோம். கார் சோதனைகளை ஒழுங்காக முடித்தது. முடித்த கையோடு மஞ்சள் விளக்கை மறுபடி எரியவிட்டது.

அந்த வாரத்தில்தான் தீயணைப்பு வண்டி வந்த கூத்தும் நடந்தது. இங்கே வந்த புதிதில் நான் பெட்ரோல் என்று சொன்னால் ரூத் திருத்துவாள். இங்கே அது கேஸ். டிக்கி என்று சொல்லக் கூடாது. ஸ்டெப்னி என்றால் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை மெக்கானிக்கிடம் சைலன்ஸர் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இங்கே சைலன்ஸர் என்றால் துப்பாக்கியில் மாட்டுவது என்று பிறகு தெரிந்தது. இப்படி அடிபட்டு அடிபட்டு ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டேன். அன்று எங்கள் குடியிருப்பின் கார் ஷெட்டில் எனக்கு லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. மேனேஜருக்குப் போன் செய்து, கற்றுக்கொண்ட இங்கிலீஷில், கேஸ் வாசனை வருகிறது என்றேன். அவர் சமையல் கேஸ் என்று நினைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. முப்பது குடும்பங்களை வெளியே நிற்கவைத்தார்கள். ரூத் தொப்பியை முகம்வரை இழுத்து விட்டுக்கொண்டு, எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலு பேர் இருக்கும்படி தள்ளிப்போய் நின்றாள்.

3

நான் படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். வகுப்பில் நாங்கள் நான்கே பெண்கள். படித்து முடித்ததும் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார்களுக்குப் பெட்ரோல் டாங்க் செய்யும் இடம். ஏ ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ் படப்பைக்கு ஐந்தேகாலுக்கு வரும். தலை ஈரம் காயாமல் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, ஒரகடம் வரும்வரை தூங்குவேன். ஒன்பது வருஷம் அந்த பஸ்ஸில் போனேன். கல்யாணமானது, ரூத் பிறந்தது எல்லாம் அதற்குள்தான்.

அங்கே என் வேலை லீக் டெஸ்ட். டாங்கின் எல்லா வாய்களையும் ரப்பர் பிளக் போட்டு அடைத்து, உள்ளே காற்றை ஏற்றுவோம். காற்றழுத்தம் குறையாமல் நின்றால் பச்சை விளக்கு. குறைந்தால் சிவப்பு. மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வசந்தி. வசந்தி ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஷிப்டுக்குப் பல நூறு டாங்குகளைத் தூக்கி வைத்து எடுப்போம். ஓட்டை இருந்தால் எந்த இடத்தில் என்று விளக்கு எரிவதற்கு முன்பே கையால் தடவிச் சொல்கிற அளவுக்கு இரண்டு பேருக்கும் பழகியிருந்தது.

இங்கே வந்ததும் என் டிப்ளமோவுக்கு இந்த நாட்டு மதிப்பு என்ன என்று கேட்டு விண்ணப்பித்தேன். பாடத்திட்டத்தைக் கல்லூரியே முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும் என்றார்கள். அதற்குள் கல்லூரியின் பெயர் மாறிவிட்டிருந்தது. பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றுதான் என்று கடிதம் வாங்கி அனுப்பினேன். அந்தக் கடிதத்தில் என் அப்பா பெயரை எனக்குக் குடும்பப் பெயராகப் போட்டு, நான் வேறு யாரோ ஆகிவிட்டேன். எட்டு மாதம் தபாலோடு போராடிவிட்டு விட்டுவிட்டேன். கேன்டீன் வேலைக்கு அந்தக் காகிதம் எதுவும் தேவைப்படவில்லை.

ரூத் ஐந்து வயதில் இங்கே வந்தவள். முதல் இரண்டு வருஷம் நான் அவளுக்காகப் பேசினேன். அதற்குப் பிறகு அவள் எனக்காகப் பேச ஆரம்பித்தாள். நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரிடம் "ஷி மீன்ஸ்" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் சொன்னதையே மறுபடி சொல்வாள். அவர்களுக்குப் புரிந்துவிடும். பள்ளிக் கேன்டீனில் இரண்டு வரிசை உண்டு. நான் பரிமாறும் வரிசைக்கு அவள் வந்ததில்லை. நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

4

டேவ் என்பவரின் பட்டறைக்குப் போனோம். ஊரில் நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். காரை ஒருநாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். புகை விட்டுப் பார்ப்பார்கள். டாங்குக்குள் ஒரு மெஷினால் வெள்ளைப் புகையைச் செலுத்தினால், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும்.

மறுநாள் ரூத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். டேவ் உதட்டைப் பிதுக்கினார். அரை மணி நேரம் புகை விட்டும் ஒரு இழைகூட வெளியே வரவில்லை என்றார். ஆனால் விளக்கு எரிகிறது, கருவி சொல்கிறது, ஆகவே கசிவு இருக்கிறது. இனி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி. முதலில் வால்வு, பிறகு கரித்துகள் டப்பா, அதுவும் இல்லையென்றால் டாங்க். அவர் சொன்ன தொகைக்கு அந்தக் காரையே வாங்கிவிடலாம். போதாததற்கு, பழைய மாடல் என்பதால் பாகங்கள் வந்துசேர இரண்டு வாரமாவது ஆகும்.

எப்படிப் புகை விட்டீர்கள், நான் பார்க்கலாமா என்று கேட்டேன். தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. வாடிக்கையாளர் அதைத் தாண்டக் கூடாது, இன்சூரன்ஸ் விதி என்றார். நான் கோட்டில் நின்றபடியே, அழுத்தம் எவ்வளவு வைத்தீர்கள், எந்தப் பக்கத்திலிருந்து விட்டீர்கள் என்று அடுக்கினேன். ரூத் இரண்டு கேள்விகளை "ஷி மீன்ஸ்" போட்டு மாற்றிச் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் என் கையைப் பிடித்தாள்.

"மாம், ப்ளீஸ். அவர் வேலையை அவர் பாக்கட்டும்."

காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வரும் வழியில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெஸ்டுக்குப் பதினோரு நாள் இருந்தது. தேதியை ரத்து செய்துவிடலாம் என்று அருள் அன்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். ரூத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

5

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு வசந்திக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம் ஐந்தரை, ஜெனரல் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பும் நேரம். வசந்தி இப்போது அதே லைனுக்கு இன்சார்ஜ். திரையில் முதலில் பஸ்ஸின் கூரை தெரிந்தது, அப்புறம் அவள் முகம்.

"இன்னாடி ஜெசி, பஸ்ல கீறேன். சொல்லு."

என் முழுப்பெயர் ஜெசிந்தா. லைனில் எல்லோருக்கும் நான் ஜெசிதான். நடந்ததையெல்லாம் சொன்னேன். தீயணைப்பு வண்டி வந்ததைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து, பக்கத்து சீட்டுக்காரிக்கும் ஒரு தடவை சொன்னாள். பிறகு லைனில் நிற்கும்போது இருக்கும் முகம் வந்துவிட்டது அவளுக்கு.

"பொகைய எந்தப் பக்கத்துலேர்ந்து வுட்டானுங்க?"

பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக என்றேன். புகை மெஷினின் குழாய் முனை அந்த வாய்க்குள் சொருகியிருந்ததைக் கோட்டில் நின்றபடி பார்த்திருந்தேன்.

"சும்மா சொருவுனா பொக அப்பிடியே மேல வந்துடுமே. எத்தையாவது வெச்சு அடைச்சிருப்பானுங்கல்ல?"

"ரப்பர்ல கூம்பு மாதிரி ஒண்ணு இருந்துச்சு. உள்ள வெச்சுத் திருகுனா உப்பிக்கும் போல."

வசந்தி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பஸ் ஏதோ பள்ளத்தில் ஏறி இறங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகம் வந்தது.

"நம்ம பிளக்குடி," என்றாள்.

அதைச் சொல்ல வேண்டும். நாங்கள் சேர்ந்த ஐந்தாவது வருஷம், கார் தொழிற்சாலையிலிருந்து டாங்குகள் திரும்பி வர ஆரம்பித்தன. காரில் மாட்டிய பிறகு பெட்ரோல் வாசனை வருகிறது என்று புகார். எல்லாம் எங்கள் மேஜையில் பச்சை விளக்கு வாங்கிப் போன டாங்குகள். விளக்கைப் பார்க்காமல் பேசிக்கொண்டே தள்ளிவிட்டிருக்கிறீர்கள் என்று சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். ஒரு வாரம் எங்களை மேஜையிலிருந்து எடுத்துவிட்டு, அட்டைப்பெட்டி ஒட்டப் போட்டார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தோம்.

அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில் திரும்பி வந்த டாங்க் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிளக் போட்டு டெஸ்ட் செய்தால் பச்சை. எத்தனை முறை செய்தாலும் பச்சை. கடைசியில் நான் பிளக்கை எடுத்துவிட்டு, காரில் போடும் அசல் மூடியைப் போட்டு, காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினேன். விளிம்பில் கடுகு கடுகாகக் குமிழ் வந்தது. டாங்க் வாயின் மேல் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல். மூடி உட்காருவது அந்த விளிம்பின் மேல். எங்கள் பிளக்கோ அதற்கு ஒரு விரல் கீழே போய், குழாயின் உள்சுவரைப் பிடித்து அடைத்துக்கொள்ளும். கீறல் இருந்த இடத்துக்குக் காற்று போகவே இல்லை. சோதனை செய்கிற பொருளே ஓட்டையை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தது.

பிளக்கின் அமைப்பை மாற்றினார்கள். புகார் நின்றது. எங்களை மறுபடி மேஜைக்கு அழைத்தார்கள். கண்டுபிடித்தவர் என்று அறிவிப்புப் பலகையில் சூப்பர்வைசரின் போட்டோ வந்தது. வசந்தி அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, போட்டோவுக்குத் தலை வாரி இருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

"இப்போ லைன்ல காத்துக்குப் பதிலா ஹீலியம் வெச்சிப் பாக்குறோம், எல்லாம் மாறிப்போச்சு," என்றாள் இப்போது. "ஆனா வாய்தான் மாறல. போய் வெளிம்பப் பாரு. அப்பால எனக்குச் சொல்லு, நான் தூங்க மாட்டேன்."

6

ஷெட்டுக்குப் போய் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். மூடி புதிது, அதன் ரப்பர் வளையமும் புதிது. அது உட்காரும் விளிம்பைச் சுற்றி ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவினேன். முக்கால் வட்டம் வழவழப்பு. அடிப்பக்கம் வந்ததும் விரலில் சொரசொரப்புத் தட்டியது.

இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து இந்த ஊர்க் கார்களெல்லாம் கீழிருந்து துருப்பிடிக்கும். எங்கள் கார் பத்துப் பனிக்காலம் கண்டது. மூடிக்கு வெளியே இருக்கும் சின்னக் கதவு சரியாக மூடாது. அந்த வழியாக இறங்கிய உப்பு விளிம்பின் அடிப்பக்கம் தங்கி, அரித்து, ஒரு குழி போட்டிருந்தது. அரிசி நொய்யளவு இருக்கும். எத்தனை புது மூடி போட்டாலும் அந்தக் குழியில் ரப்பர் படியாது.

கைக்குத் தட்டுப்பட்டதைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் நீல மை தடவிப் பார்ப்போம். இங்கே மைக்கு எங்கே போவது? ரூத்தின் மேஜையிலிருந்து சிவப்பு லிப்ஸ்டிக்கை எடுத்து வந்தேன். ரப்பர் வளையத்தில் மெலிதாகத் தடவி, மூடியை இறுக்கித் திருகி, திறந்து பார்த்தேன். விளிம்பில் சிவப்பு வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. அடிப்பக்கம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு படவில்லை. வட்டம் அங்கே அறுந்திருந்தது.

ரூத் பின்னால் வந்து நின்றிருந்தாள். அது தன் லிப்ஸ்டிக்கா என்று கேட்க வாயெடுத்தவள், அந்த அறுந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். அதுதானா என்றாள். அதுதான் என்றேன். காரில் ஏறு, டேவ் கடை பன்னிரண்டுக்கு மூடிவிடும் என்றேன்.

டேவ் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் மஞ்சள் கோட்டில் நின்று என் இங்கிலீஷில் நேராகச் சொன்னேன். புகையை வாய் வழியாக விட வேண்டாம். மூடியைப் போட்டு மூடிவிட்டு, எஞ்சின் பக்கத்துக் குழாயிலிருந்து விடுங்கள். உங்கள் ரப்பர் கூம்பு விளிம்புக்குக் கீழே போய் அடைத்துக்கொள்கிறது. ஓட்டை விளிம்பில் இருக்கிறது.

"ஷி மீன்ஸ்..." என்று ரூத் ஆரம்பித்தாள்.

டேவ் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். புரிகிறது என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் பக்கத்துக் குழாயைக் கழற்ற அரை மணி நேரமாகும் என்றார். காத்திருக்கிறேன் என்றேன்.

கழற்றினார், புகை மெஷினை மாட்டினார், டார்ச்சை அடித்துக்கொண்டு மூடிக்குப் பக்கத்தில் குனிந்தார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மூடியின் அடிப்பக்கத்திலிருந்து, அகர்பத்திப் புகை மாதிரி, ஒற்றை இழை சுருண்டு மேலே எழுந்தது. டேவ் தலையைத் திருப்பாமலேயே, கோட்டைத் தாண்டி வரும்படி எனக்குக் கை காட்டினார்.

வாய்க்குழாயைப் புதிதாக மாற்றுவதுதான் முறை, ஆனால் அது வர இரண்டு வாரம் ஆகும் என்றார். குழாய்க்குச் சொல்லி வைப்போம், அதுவரை விளிம்பைச் சரிசெய்யலாம் என்றேன். பொறி பறக்கும் மெஷின் எதுவும் வேண்டாம். வாய்க்குள் துணி அடைத்துக்கொண்டு, எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் கையாலேயே துருவைத் தேய்த்து எடுத்தேன். பெட்ரோலுக்குக் கரையாத பிசின் டேவிடம் இருந்தது. குழியை அதனால் நிரப்பி, ஒருநாள் இறுக விட்டு, விளிம்போடு விளிம்பாக வழித்தேன். நகத்தால் இழுத்துப் பார்த்தால் எங்கே குழி இருந்தது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மறுபடி புகை விட்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. மெஷினை நிறுத்தாமல் இன்னும் பத்து நிமிஷம் விடச் சொன்னேன். விட்டார்.

7

டேவ் கருவியை வைத்து விளக்கை அணைத்துக் கொடுத்தார். இனி கார் தானாகத் தன் சோதனையை முடிக்க வேண்டும். டாங்கில் பாதி பெட்ரோல் இருக்க வேண்டும், நிரப்பக் கூடாது. இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் எடுத்து, ஒரே வேகத்தில் நிதானமாக ஓட்ட வேண்டும். மற்ற சோதனைகள் முடிந்து இது ஒன்று மட்டும் முடியாமல் இருந்தாலும் ஸ்டிக்கர் கொடுக்க விதியில் இடமுண்டு என்று டேவ் சொன்னார். எனக்கு அந்த ஒன்றுதான் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

ஆகவே தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஏரிக்கரை ரோட்டில் ரூத் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கும் பயிற்சி, காருக்கும் பயிற்சி. முதல் இரண்டு நாள் கண்ணாடி பார், பிரேக்கை மெதுவாக அழுத்து என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றாம் நாள், ஒரகடத்தில் நான் உண்மையில் என்ன வேலை செய்தேன் என்று கேட்டாள். ஃபேக்டரி என்றால் ஏதோ பெட்டியில் பொருள் அடுக்கும் வேலை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். டாங்குகளைச் சொன்னேன், வசந்தியைச் சொன்னேன், பிளக் கதையைச் சொன்னேன். சூப்பர்வைசரின் போட்டோ வந்த இடத்தில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் இங்கே எழுத முடியாது.

கொஞ்ச தூரம் போன பிறகு ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"கேன்டீன்ல உன் லைனுக்கு நான் வர மாட்டேன்ல. அது..."

"தெரியும்."

"கோவமா?"

"சிக்னல் வருது. காலை எடு."

காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக அழுத்தினாள். வண்டி அலுங்காமல் நின்றது. சிவப்பு விளக்கு நெடுநேரம் எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு அந்த நேரம் போதுமாக இருந்தது, எனக்கும்.

நான்காம் நாள் காலை வீட்டுக்கு வந்து, டேவிடம் கடன் வாங்கிய கருவியைச் சொருகிப் பார்த்தேன். ஆவிச் சோதனை முடிந்தது என்று காட்டியது. கசிவு இல்லை. மஞ்சள் விளக்கும் இல்லை. அதைப் போட்டோ எடுத்து வசந்திக்கு அனுப்பினேன். அவள் லைனிலிருந்து ஒரு போட்டோ திருப்பி அனுப்பினாள். அறிவிப்புப் பலகையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஜெசி, அமெரிக்கா, லீக் கண்டுபிடித்தவர் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள். கீழே, தலை வாரிய ஒரு பெண் படமும் வரைந்திருந்தாள்.

அன்றே ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான்கு நாள் கழித்து ரூத் டெஸ்டுக்குப் போனாள். நானும் அருளும் நடைபாதையில் நின்றோம். இருபது நிமிஷத்தில் கார் திரும்பி வந்தது. அவள் இறங்கிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் டேவ் போன் செய்தார். புகை விட்டும் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு வண்டிகள் பட்டறையில் நிற்கின்றனவாம். சனிக்கிழமைகளிலும், பள்ளி முடிந்து இரண்டு சாயங்காலங்களிலும் வந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்டார். என் டிப்ளமோ பற்றி அவராக எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். ஒரகடம் என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டு, எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார். கேன்டீன் வேலையை விடப்போவதில்லை. அதையும் சொன்னேன். ரூத் இப்போது மதியம் என் வரிசையில்தான் நிற்கிறாள். தோழிகளையும் இழுத்துக்கொண்டு வந்து, அம்மா, எக்ஸ்ட்ரா ஃப்ரைஸ் என்று தமிழ்போல ஏதோ ஒன்றில் கேட்கிறாள்.

முதல் சனிக்கிழமை ரூத்தான் என்னைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டாள். டேவ் கொடுத்த நீலச் சட்டை எனக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. கைகளை மடித்து விட்டுக்கொண்டேன். வேலை முடிந்ததும் போன் செய், நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் பட்டறைப் பக்கம் திரும்பினேன். உள்ளே ஒரு வெள்ளை வேனை உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். டேவ் அதன் அடியில் டார்ச்சோடு நின்று, இன்னும் எதுவும் தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

எனக்கு வாசலிலேயே பெட்ரோல் வாசனை வந்துவிட்டது.